சந்திரகலாவின் ஸ்கேனர் நின்ற காரணம்

சந்திரகலாவுக்கு மெஷின் என்றால் பயம் கிடையாது. டைப்ரைட்டர், ஜெராக்ஸ், பிரிண்டர், கம்ப்யூட்டர் எதுவானாலும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிடுவாள். மனிதர்களைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் அவளுக்கு இல்லை. கட்டின புருஷனைப் போய் யார் திறந்து பார்ப்பார்கள்?

அவள் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். 1989இல் பிளஸ் டூ முடித்ததும், "பொட்டப்புள்ள டவுனுக்குப் போயி இன்னா கிழிக்கப் போவுது" என்ற சித்தப்பாவின் வாயை அடைப்பதற்காகவே திருவண்ணாமலையில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். லோயர், ஹையர் இரண்டு பரீட்சையிலும் முதல் வகுப்பு. வகுப்பில் எழுத்துக் கம்பிகள் சிக்கிக்கொண்டால் மற்ற பெண்கள் கையைத் தூக்கி மாஸ்டரைக் கூப்பிடுவார்கள். இவள் கொண்டை ஊசியை எடுத்து நெம்பி விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அதன்பிறகு ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கிற டி.டி.பி. வேலை. 1995இல் குமரேசனோடு கல்யாணம். 2000இல் இருவரும் சேர்ந்து ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, செங்கம் ரோட்டில் ஒரு கடை போட்டார்கள். முன்னறையில் வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க நான்கு கம்ப்யூட்டர், கல்லாவில் குமரேசனுக்கு ஒன்று, பின்னறையில் சந்திரகலாவுக்கு ஒன்று.

குமரேசன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அழைத்து வருவதும் அவன்தான். கடைக்கு வருகிறவர்களிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் டீயும் மாத்திரையும் பின்னறைக்கே வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவன் முரடனாக இருந்திருந்தால் சந்திரகலா அவனிடம் கொஞ்சமாவது ஜாக்கிரதையாக இருந்திருப்பாள்.

2003 செப்டம்பர் மாதக் கடைசியில் எல்சாம்மா கடைக்கு வந்தாள். ஹாலந்து தேசத்துக்காரி, அறுபத்தெட்டு வயது. 1972இல் வந்தவள், முதல் பதினோரு வருஷம் அடி அண்ணாமலையில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். தமிழை அங்கேதான் கற்றாள் என்பதால் வாயைத் திறந்தால் கழனி வேலைக்குப் போகிற பெண் பேசுவதுபோல் இருக்கும். ஆட்டோவில் அவளோடு பதினாறு பெட்டிகள் வந்தன. எல்லாவற்றிலும் ஸ்லைடுகள். சின்ன அட்டைச் சட்டத்துக்குள் கலர் ஃபிலிம் துண்டு; வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் படம் தெரியும். நாலாயிரத்துக்கும் மேலே இருந்தன. பாதிக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. எல்சாம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, பிப்ரவரியில் ஊருக்கே திரும்பி வந்துவிடும்படி மகன் கூப்பிட்டிருந்தான். போவதற்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சி.டி.யாக்கி, படத்தில் இருக்கிறவர்களுக்கு அவரவர் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்லைடு ஸ்கேனரையே வரவழைத்திருந்தாள். ஐம்பது ஸ்லைடுகளை அடுக்கிவிட்டால் ஒவ்வொன்றாக அதுவே இழுத்துக்கொள்ளும்.

"ஒரு கண்டிசன் பாப்பா" என்றாள் எல்சாம்மா. "இதுல ஒரு படம்கூட வெளிய போவக் கூடாது. விக்கக் கூடாது, யார்க்கும் காப்பி குடுக்கக் கூடாது. நான் ஒரு தபா எங்க ஊரு பத்திரிகைக்கு ஒரு படம் குடுத்தேன். புள்ளைக்குப் பால் குடுக்கற பொண்ணு. அது எப்பிடியோ இங்க வந்துடுச்சி. அவ புருசன் அவகிட்ட ஆறு மாசம் பேசல. அது என் தப்பு. இது என் படம் இல்ல, அவங்க படம்."

"போவாதும்மா. நான் பொறுப்பு" என்றாள் சந்திரகலா. கல்லாவில் உட்கார்ந்திருந்த குமரேசனும் தலையை ஆட்டினான். ரொம்ப அழகாகவே ஆட்டினான்.

பெயர் தெரியாமல் படத்தை யாரிடம் கொடுப்பது? சந்திரகலா ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரில் வீடு வீடாகப் போனாள். எல்சாம்மா யார் யாரை, எங்கே, எப்போது படம் பிடித்தாள் என்று கேட்டு எழுதினாள். சிலர் படத்தை வெளியே விட்டுவிடுவாளோ என்று யோசித்தார்கள். இவள் நம்ம ஊர்ப் பெண், சொன்ன சொல் மாறாத குடும்பம் என்ற நம்பிக்கையில் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அப்படிப் போனபோதுதான் ஆராயி அவளைத் தனியாக உள்ளே அழைத்தாள். ஆராயி பங்காளி வழியில் சந்திரகலாவுக்கு அத்தை முறை. நாற்பத்து நாலு வயது, பிள்ளை குட்டி இல்லை. புருஷன் செத்த கையோடு செங்கத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனவள், வெகு வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

"எனக்கும் ஒரு படம் கீது கலா" என்றாள். "எங்கூட்டுக்காரரு கெணறு வெட்டப் போயி மண்ணு சரிஞ்சி செத்தாரே, அந்தப் பத்தாம் நாளு சாயந்தரம். தல நெறைய பூ வச்சி, மஞ்சா பூசி, கை நெறைய வளையல் போட்டு என்ன உக்கார வச்சிருந்தாங்க. விடிஞ்சா எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. எனக்கு அப்ப பத்தொம்போது வயசு. எங்க கல்யாணத்துக்கு யாரும் போட்டோ புடிக்கல. அதான் நானே எல்சாம்மாவக் கூப்ட்டு, என்ன ஒண்ணு புடிங்கன்னேன். பொம்பளைங்க எல்லாம் திட்டுனாங்க. அவங்க புடிச்சிட்டாங்க."

சந்திரகலா நோட்டில் எழுதப் போனாள். ஆராயி அவள் கையைப் பிடித்தாள்.

"எழுதாத. இன்னா படம்னு யார்க்கும் சொல்லாத, உங்கூட்டுக்காரர்கிட்டகூட. கெடைச்சா எங்கையில கொண்டாந்து குடு. மொதல்ல நான் பாக்கணும். அந்த மூஞ்சிய நான் இன்னும் பாத்ததே இல்ல."

சந்திரகலா சரி என்றாள். எழுதவும் இல்லை, குமரேசனிடம் சொல்லவும் இல்லை. கல்யாணமான எட்டு வருஷத்தில் அவள் புருஷனிடம் மறைத்த முதல் விஷயம் அது. அதற்காக அவள் மனசு கொஞ்சம் உறுத்தவும் செய்தது. நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஸ்கேனர் முதல் ஐந்து நாள் சமர்த்தாக ஓடியது. ஐம்பது ஸ்லைடுக்கு இரண்டு மணி நேரம். சந்திரகலா அடுக்கிவிட்டு, ஓடும்போதே நோட்டில் எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிக்கொண்டிருப்பாள். ஆறாவது நாள் பதினேழாவது ஸ்லைடில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. மவுஸ் நகரவில்லை, கீபோர்டுக்கு அசையவில்லை. அணைத்துப் போட்டாள். திரும்ப நாற்பத்தொன்றில் நின்றது. மறுநாள் ஏழில். அதற்கு மறுநாள் நிற்கவே இல்லை. அடுத்த நாள் காலையிலேயே மூன்று தடவை, நீலத் திரையில் வெள்ளை எழுத்து.

நின்றால் அந்தப் படம் பாதியில் கெட்டுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அடுத்து வருகிற எண்கள் ஒன்று முன்னே பின்னே போய்விடும். கருப்பன் பெயர் போட்ட இடத்தில் மணியம்மாள் முகம் வரும். ஒவ்வொரு தடவையும் ஸ்லைடுகளை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எண்ணைச் சரிபார்த்து மறுபடி அடுக்க வேண்டும். எல்சாம்மா புறப்படும் தேதி அதற்காக நிற்குமா?

குமரேசன் ஸ்குரூ டிரைவரோடு வந்தான். மூடியைக் கழற்றினான், தூசி ஊதினான், ரேமைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பப் போட்டான். "வோல்டேஜ் கலா. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை ஃபுல்லா லைட் போட்றாங்க இல்ல, லைன்ல கம்மியாவும் ஜாஸ்தியாவும் வருது" என்றான். பௌர்ணமி முடிந்தும் நின்றது. "அப்ப எர்த் சரியில்ல" என்றான். கடைக்குப் பின்னால் ஆளை வைத்துக் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டான். "தெனம் காலைல ஒரு கொடம் தண்ணி ஊத்தணும். காஞ்சிச்சின்னா எர்த் புடிக்காது" என்றான்.

அன்றிலிருந்து சந்திரகலா தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்த நாளிலும் ஊற்றினாள். காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தவள், நடுவில் எழுந்து ஆட்டோ பிடித்து வந்து ஊற்றிவிட்டுப் போனாள். குமரேசன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவளும் சும்மா இருக்கவில்லை. நோட்டின் பின்பக்கத்திலிருந்து நின்ற கணக்கை எழுத ஆரம்பித்தாள்: தேதி, நேரம், எத்தனையாவது ஸ்லைடு, அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றினாள். ஐம்பதுக்குப் பதில் இருபது அடுக்கிப் பார்த்தாள். ஈரத்தில் ஊதிப்போன அட்டைகள் சிக்குவதாலோ என்று அவற்றையெல்லாம் தனியாக எடுத்து வைத்தாள். அட்டை சிக்கினால் ஸ்கேனர்தான் நின்றது, கம்ப்யூட்டர் நிற்கவில்லை. சி டிரைவ் நிரம்பிவிடுகிறதோ என்று படங்கள் சேரும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றினாள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாவது நாள் அங்கேயும் நின்றது. புது ரேம் வாங்கிப் போட்டாள். ஸ்கிரீன் சேவரை எடுத்தாள், வைரஸ் பார்த்தாள், விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாள். விண்டோஸைப் போட்டது குமரேசன். போட்டு முடித்த பிறகும், நீ போய்ச் சாப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அரைமணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டே அவள் சாப்பிடப் போனாள்.

நவம்பர் நடுவில் ஒருநாள் ஆராயியின் படம் திரையில் வந்தது. சந்திரகலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கதம்பமும் மல்லியும் தோளுக்குக் கீழே வழிய, கன்னம் மஞ்சளாக, நெற்றியில் பெரிய பொட்டோடு ஒரு பெண் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அழுது ஓய்ந்த கண். தெரியாதவர்களுக்கு அது வெட்கப்படுகிற கண்ணாகத்தான் தெரியும். அவ்வளவு அழகு. கன்னத்திலும் கழுத்திலும் பூஞ்சைப் புள்ளிகள் மட்டும் இறைந்து கிடந்தன. அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வேலூரில் நல்ல காகிதத்தில் பெரிதாகப் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். புள்ளி எடுக்க நாலைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் கம்ப்யூட்டர் தினமும் தின்றுகொண்டிருந்தது. நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளிப் போயிற்று.

டிசம்பரில் போளூரில் குமரேசனின் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. மகளையும் அழைத்துக்கொண்டு மூன்று நாளுக்குப் புறப்பட்டான். "என் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டேன், போட வேணாம். நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மூன்று நாளில் விடிந்ததிலிருந்து ராத்திரி வரை ஆயிரத்துச் சொச்சம் ஸ்லைடு ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. சந்திரகலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எர்த் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். பாவம், அன்றைக்கும் ஒரு குடம் ஊற்றினாள்.

நாலாம் நாள் குமரேசன் பலகாரத்தோடு வந்து, கல்லாவில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டான். கால்மணி நேரத்தில் பின்னறையில் ஸ்கேன் நின்றது. சந்திரகலா நோட்டைப் பின்னால் புரட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடைக்கு வருவதில்லை, அவன் கம்ப்யூட்டரும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றதாக ஒரு பதிவும் இல்லை. இத்தனை நாள் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கம்மி, அதனால் வோல்டேஜ் நன்றாக இருக்கிறது என்று அவளே பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தாள்.

அப்போதும் அவளுக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை. அவன் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, அது கரண்டை இழுக்கிறது என்றுதான் நினைத்தாள். ஸ்கேனரை வேறு லைனில் மாட்டினாள்; நின்றது. பிறகு எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கிற ஹப் என்ற சின்னப் பெட்டியிலிருந்து தன் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். ஐம்பதும் ஓடியது. திரும்பச் செருகினாள். ஒன்பதாவதில் நின்றது. இன்னொரு தடவை செய்து பார்த்தாள், அப்படியே. கரண்டு இல்லை, எர்த் இல்லை, தூசி இல்லை. வயர் வழியாக ஏதோ போகிறது.

வயரை மாட்டிவிட்டு ஹப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு ஸ்லைடு முடியும். உடனே ஹப்பில் அவளுடைய பச்சை விளக்கும் குமரேசனுடைய பச்சை விளக்கும் சேர்ந்து படபடவென்று துடிக்கும். அரை நிமிஷத்தில் அடங்கும். அடுத்த ஸ்லைடு முடியும்; இரண்டும் சேர்ந்து துடிக்கும். முன்னறைக் கம்ப்யூட்டர்களுக்கான மற்ற நான்கு விளக்குகளும் தம் பாட்டுக்கு எப்போதாவது சிமிட்டிக்கொண்டிருந்தன. அவள் பன்னிரண்டு ஸ்லைடு வரை எண்ணினாள். அதற்குமேல் எண்ணத் தேவை இருக்கவில்லை.

மத்தியானம் குமரேசன் சாப்பிடப் போனதும் கல்லாவில் உட்கார்ந்து அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். யாரும் திறந்து பார்க்காதபடி டிரைவர் என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். உள்ளே இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள், எல்லாம் எல்சாம்மாவுடையவை. தன் கம்ப்யூட்டரில் வந்து தேடினாள். ஒரு சின்ன புரோகிராம் மூலையில் ஒளிந்திருந்தது. படங்கள் சேரும் ஃபோல்டரில் புதுப்படம் ஒன்று விழுந்ததும் அதைப் பிரதி எடுத்து முன்னறைக்கு அனுப்புவதுதான் அதற்கு வேலை. ஸ்கேனர் எழுதி முடிப்பதற்குள் சில சமயம் அவசரப்பட்டு அது இழுத்துவிடும். ஒரே படத்தில் இரண்டு கை விழுந்தால் கம்ப்யூட்டர் நிற்காமல் என்ன செய்யும்? டி டிரைவுக்கு மாற்றியபோது இரண்டு நாள் நன்றாக ஓடியது ஏன், மூன்றாவது நாள் அவன் புரோகிராமைப் புது இடத்துக்குத் திருப்பியதும் ஏன் நின்றது, விண்டோஸ் போட்ட பிறகும் அவன் ஏன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான், எல்லாம் வரிசையாக விளங்கியது.

பக்கத்திலேயே காலண்டர் என்று இன்னொரு ஃபோல்டர். திறந்தாள். ஆராயியின் முகம். பூஞ்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லை, அத்தனையையும் பொறுமையாக எடுத்திருந்தான். கீழே மணக்கோலம் என்று அழகான எழுத்து, அதற்கும் கீழே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் பெயரும் ஃபோன் நம்பரும், 2004ஆம் வருஷத்து வாழ்த்தும்.

குமரேசன் திரும்பி வந்தபோது அவள் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தப் படம். அவன் பார்த்தான். முகம் மாறியது, உடனே சரியாகவும் ஆனது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான்.

"எப்ப?"

"கலா, நாலாயிரம் படம். முப்பது வருசத்து ஊரு. அந்தம்மா பொட்டியக் கட்டிட்டுப் போயிடும். அப்பறம் இது யார்கிட்ட இருக்கும்? நம்மகிட்ட ஒரு காப்பி இருந்தா இன்னா கெட்டுப் போச்சி? நாளைக்கு ஒரு புஸ்தகம் போடலாம், வெப்சைட் போடலாம். உங்கிட்ட கேட்டா நீ வேணாம்னுவ. அதான் கேக்கல."

"நான் வேணாம்னு சொல்லுவேன்னு தெரியும். அதனால கேக்கல."

"அப்பிடி இல்ல கலா."

"ஹேங் ஆவறது இதனாலன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிது?"

கடைக்கு யாரோ வந்து வாசலில் நிற்கிறாற்போல் அவன் வெளியே பார்த்தான்.

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீங்களே. எனக்குக் காய்ச்சலப்போ ஆட்டோல வந்து ஊத்துனேனே. அப்பத் தெரியுமா?"

"எர்த்துக்குத் தண்ணி ஊத்தறது எப்பவும் நல்லதுதான்" என்றான் குமரேசன்.

அவள் அவனை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. தான் இரண்டு மாசமாகத் தினம் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனபோது இவன் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தானே, அப்போது இவன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்தாள். சிரித்தானா, பரிதாபப்பட்டானா? பரிதாபப்பட்டிருந்தால் அதுதான் இன்னும் கேவலம் என்று அவளுக்குத் தோன்றியது. எட்டு வருஷமாகத் தலைவலிக்கு வந்த டீயெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குக் கசந்தது.

"இந்தப் படம் இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"கல்யாணப் பொண்ணு. லாட்ஜ்காரரு பாத்த ஒடனே இதான் வேணும்ட்டாரு."

ஆராயிக்குக் கொடுத்த வாக்கை அவள் அங்கே உடைத்தாள். படம் லாட்ஜ்காரன் வரைக்கும் போய்விட்ட பிறகு இவனிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? அது கல்யாணப் பெண் இல்லை, புருஷன் செத்த பத்தாம் நாள், விடிந்தால் எல்லாவற்றையும் எடுக்கப்போகிற பெண் என்று சொன்னாள். குமரேசன் ஒரு கணம் திகைத்துத்தான் போனான். திரையைத் திரும்பப் பார்த்தான். பிறகு மெல்ல, சமாதானமாக, அவள் தோளில் கை வைக்க வருகிறவன்போல் சொன்னான்: "பாக்கறவனுக்கு இன்னா தெரியப் போவுது கலா?"

அந்த ஒரு வாக்கியத்தோடு சந்திரகலாவுக்கு அவன் வேறு ஆளாகிவிட்டான். பிறகு அவள் ஸ்கேனரையும் தன் கம்ப்யூட்டரையும் எல்சாம்மா வீட்டுக்கே கொண்டுபோய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மீதி ஸ்லைடுகளை அங்கேயே முடித்தாள். மகளுக்காக அதே வீட்டில்தான் இருந்தாள், சமைத்தாள், பேச வேண்டியதைப் பேசினாள். ஆனால் ஒரு ஃபியூஸ் போனால்கூட அவனைக் கூப்பிட்டதில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றுதான்: காலண்டர் எங்கே?

"குடுத்துட்டாங்க" என்றான். "ரெண்டு நாளா எல்லாக் கடைக்கும் குடுத்துட்டிருக்காங்க. கிரிவலப் பாதை ஃபுல்லா."

ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலை போய் இறங்கினாள். ஸ்டாப்புக்கு எதிரே கண்ணாயிரத்தின் மளிகைக் கடை. உள்ளே எண்ணெய் டின்களுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், பத்தொன்பது வயது ஆராயியை மாட்டியிருந்தான். அவளுக்குக் கீழே தேதி கிழிக்கிற தாள் கட்டு, வருஷம் இன்னும் பிறக்காததால் தடியாக இருந்தது.

"அண்ணே, அந்தக் காலண்டர எனக்குக் குடுங்க. வேற நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன்" என்றாள்.

"ஏம்மா, இதுக்கு இன்னா?" என்றான் கண்ணாயிரம். "லட்சுமி மாரி கீது. வர்றவங்கல்லாம் யாரு இந்தப் பொண்ணுன்னு கேக்கறாங்க. உனுக்கு யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. காரணத்தைச் சொன்னால் கழற்றிக் கொடுத்துவிடுவான். சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த கடையிலும் அதே படம், பாத்திரக் கடையிலும் அதே படம். மூன்றாவது கடையில் அவள் கேட்கவே இல்லை.

ஆராயி வாசலில் சாக்கு விரித்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் "வாடி கலா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், நிமிர்ந்து பார்த்துவிட்டு "வா" என்றாள். சந்திரகலா சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாத்துட்டேன்" என்றாள் ஆராயி. "நேத்து சக்கர வாங்கப் போனேன். கண்ணாயிரம் ஆணி அடிச்சிட்டிருந்தான். மாட்டிட்டு, நேராக் கீதா, பாரு அக்கான்னு என்னக் கேட்டான்."

சந்திரகலா சாக்கிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எவளோ கல்யாணப் பொண்ணுன்னுதான் நெனச்சேன். அப்பறம் தோட்டப் பாத்தேன், எங்கம்மா தோடு. நேராத்தான் கீதுன்னு சொல்லிட்டு சக்கரய வாங்கினு வந்துட்டேன்."

"நான் கட கடையாப் போயி எல்லாத்தையும் வாங்கினு வந்துடறேன் அத்த."

"இன்னான்னு சொல்லி வாங்குவ?"

அதைக் கண்ணாயிரத்தின் கடையிலேயே அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள்: ஹப், பச்சை விளக்கு, ஒளிந்திருந்த புரோகிராம், எர்த் குழி, தண்ணீர், புள்ளி எடுத்துக் கொடுக்கலாம் என்று தான் தள்ளிப்போட்டது. ஆராயிக்குப் பாதி புரிந்திருக்காது. கை நிற்காமல் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் யார்க்கும் காட்டல அத்த. சத்தியமா. அவருதான் எனக்குத் தெரியாம எடுத்துட்டாரு. அவரு இப்பிடிச் செய்வாருன்னு நான் நெனைக்கவே இல்ல."

ஆராயி கையிலிருந்த தோலைக் கீழே போட்டாள்.

"நான் அவர்கிட்டயா கேட்டேன் கலா?" என்றாள். "உங்கிட்டதான கேட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். சந்திரகலா அந்தச் சாக்கின் ஓரத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போ என்று ஆராயி சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.